நினைவைக் காக்க நாற்பதிலேயே தொடங்குவோம்

(தாம்பரத்தில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர், மேடவாக்கம் என்று பல இடங்களிலிருந்து பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் வந்து சேர்ந்திருக்கிறீர்கள். வயதானவர்களுக்கு வரும் மறதியைப்பற்றிப் பேச வேண்டுமென்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டீர்கள். அப்படிக் கேட்டவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் முன்வைத்தார்கள்: "இதற்கு மருந்து உண்டா?"

இந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லிவிட்டே மேலே போகிறோம். போன நினைவைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து இன்றுவரை இல்லை. அல்ஸைமர் நோயின் ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கு லெக்கனெமாப் என்ற ஊசி மருந்தை 2023இல் அமெரிக்கா முழுமையாக அங்கீகரித்தது. அது நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கிறது, நிறுத்துவதில்லை. அதன் விலையோ நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாதது.

ஆனால் இதைவிட நல்ல செய்தி ஒன்று உண்டு. லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மாற்றக்கூடிய 14 காரணங்களை வாழ்நாள் முழுவதும் கவனித்துவந்தால், உலகில் மறதி நோய் வருகிறவர்களில் 100க்கு 45 பேர் வரை அதைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்று அந்தக் குழு கணக்கிட்டது. அந்தப் பதினான்கில் பாதி நாம் நன்றாக அறிந்தவை: இரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி, கெட்ட கொலஸ்ட்ரால், உடல் பருமன், புகை பிடித்தல், மிதமிஞ்சிய குடி, உடல் அசையாத வாழ்க்கை. இதய வியாதிக்கும் பக்கவாதத்துக்கும் காரணமென்று நாம் கேள்விப்பட்ட அதே பட்டியல்தான் இது.

ஆகவே இன்று உங்களிடம் நாங்கள் சொல்ல வந்தது ஒன்றுதான். எழுபதில் வெளிப்படும் மறதியின் வேலை, பலருக்கு நாற்பதிலும் ஐம்பதிலுமே தொடங்கிவிடுகிறது. அதைத் தடுக்கும் வேலையையும் அந்த வயதிலேயே தொடங்க வேண்டும்.

எது மறதி, எது வியாதி?

வயதானால் பெயர் சட்டென்று நாவில் வராது. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவோம். இவை வியாதி அல்ல. நாற்பது வருடம் குழம்பு வைத்த தாயார், அடுப்பின் முன் நின்று அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் திகைப்பது வேறு. தினமும் போய்வந்த கடைத்தெருவிலிருந்து வீடு திரும்ப வழி தெரியாமல் நிற்பதும், பென்ஷன் பணத்தை எண்ண முடியாமல் தடுமாறுவதும், ஒரே கேள்வியை அரை மணி நேரத்தில் பத்து முறை கேட்பதும் அப்படித்தான். நினைவோடு சேர்ந்து, யோசிக்கும் திறனும் அன்றாட வேலையைச் செய்யும் திறனும் குறைந்துகொண்டே போனால் அதைத்தான் மருத்துவர்கள் டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்கிறார்கள். அல்ஸைமர் அதில் ஒரு வகை. மூளையின் இரத்தக் குழாய்கள் கெடுவதால் வருவது இன்னொரு வகை. வயதானவர்களில் பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கிறது.

இது மேல்நாட்டு வியாதி என்று யாரும் நினைக்க வேண்டாம். நமக்குத் தெற்கே இருக்கும் திருப்போரூர்ப் பகுதியில், சென்னை மனநல மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 1997இல் வெளியானது. 60 வயதைக் கடந்தவர்களில் 100க்கு 3.5 பேருக்கு மறதி நோய் இருப்பதாக அவர்கள் கண்டார்கள். அதற்குப் பிறகு நாடு தழுவிய ஆய்வு ஒன்று நடந்து, முடிவுகள் 2023இல் வெளிவந்தன. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 100க்கு 7.4 பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், இந்நோயோடு வாழ்கிறார்கள் என்று அது மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் இது அதிகம்.

இவ்வளவு பேர் இருந்தும் நம் கண்ணில் படாதது ஏன்? 1998இல் தோன்றிய ஓர் ஆய்வுக் குழு தனக்கு 10/66 என்று பெயர் வைத்துக்கொண்டது. மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் ஏழை நாடுகளில் இருக்கிறார்கள். ஆராய்ச்சியிலோ 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அக்குழு சென்னையிலும் வேலூரை அடுத்த கிராமங்களிலும் வீடு வீடாகச் சென்று முதியோரைச் சந்தித்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் அதில் பங்குகொண்டார்கள். 2008இல் வெளியான முடிவு வியப்பானது. வழக்கமான அமெரிக்க அளவுகோலை வைத்துப் பார்த்தபோது அந்தக் கிராமங்களில் 1,000 பேருக்கு 3 பேர் மட்டுமே தேறினார்கள். நம்மைப் போன்ற நாடுகளுக்கென்று சோதித்து உருவாக்கிய அளவுகோலை வைத்தபோது எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்தது.

காரணம் நம் வீடுகளிலேயே இருக்கிறது. தாத்தாவுக்குத் தண்ணீர் மோந்து கொடுக்க ஒருவர், சாப்பாடு எடுத்து வைக்க ஒருவர் என்று வீட்டார் பார்த்துக்கொள்கிறார்கள். அவரால் எது முடியவில்லை என்பது வெளியே தெரிவதில்லை. தெரிந்தாலும் "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுகிறோம். அன்பினால் செய்வதே வியாதியை மறைத்துவிடுகிறது.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

நம் உடல் எடையில் மூளை 100இல் 2 பங்குதான். ஆனால் நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அதைச் சேர்த்துவைக்கவும் அதனால் முடியாது. நொடி தவறாமல் இரத்தம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அந்த இரத்தத்தைக் கொண்டுபோகிறவை பெரிய குழாய்கள் மட்டுமல்ல. மூளையின் ஆழத்தில் முடியைப் போன்ற மெல்லிய குழாய்கள் கணக்கில்லாமல் இருக்கின்றன.

தாம்பரம் பக்கம் போர்வெல் தண்ணீரை நம்பி வாழ்கிறவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். உப்புத் தண்ணீர் ஓடும் குழாயில் வருடக்கணக்கில் வெள்ளைப் படிவு ஏறி, துவாரம் சிறுத்துக்கொண்டே வரும். கெட்ட கொலஸ்ட்ரால் இரத்தக் குழாயின் உட்சுவரில் செய்கிற வேலை ஏறத்தாழ அதுதான். அளவுக்கு மீறிய வேகத்தில் மோட்டாரை ஓடவிட்டால் மெல்லிய குழாய்களும் இணைப்புகளும் முதலில் கெடும். இரத்தக் கொதிப்பு செய்வது அது. சர்க்கரை அதிகமான இரத்தம் குழாயின் உட்பூச்சையே அரிக்கிறது. புகையிலை இவை எல்லாவற்றையும் விரைவுபடுத்துகிறது.

பெரிய குழாய் அடைபட்டால் பக்கவாதம் வந்து, வாய் கோணி, கை விழுந்து, எல்லோருக்கும் தெரிந்துவிடும். சிறு குழாய் அடைபட்டால் எதுவும் தெரியாது. வலி இல்லை, மயக்கம் இல்லை. கடுகளவு இடத்தில் மூளைத் திசு செத்துப்போகும். இப்படி ஒன்று, இரண்டு, பத்து என்று சேரும்போது, மூளையின் ஒரு பகுதியை மற்றொன்றோடு இணைக்கும் நரம்பு இழைகள் பழுதாகின்றன. நடை தளர்கிறது, யோசனை மெதுவாகிறது, ஒரு காரியத்தைத் திட்டமிட்டுச் செய்ய முடிவதில்லை. இத்தனையும் நடந்து முடிய இருபது முப்பது வருடம் ஆகிறது. அத்தனை வருடமும் அந்த மனிதர் "நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்றே சொல்லிக்கொண்டிருப்பார்.

பக்கவாதம் வந்தவர்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. முதல் முறை பக்கவாதம் கண்டவர்களில் பத்தில் ஒருவருக்குச் சீக்கிரத்திலேயே மறதி நோய் தொடங்குகிறது. மறுபடியும் பக்கவாதம் வந்தால் மூன்றில் ஒருவருக்கும் மேலாக அது வருகிறது. ஆகவே முதல் பக்கவாதத்துக்குப் பிறகு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவது, கால் கைக்காக மட்டுமல்ல, நினைவுக்காகவும்தான்.

கொதிப்பைக் குறைத்தால் நினைவு நிற்குமா?

இது நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், 50 வயதில் மேல் அளவு 130 அல்லது அதற்குமேல் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் வரும் அபாயம் அதிகம் என்று 2018இல் கண்டார்கள். 140 வந்தால்தான் வியாதி என்று நாம் நிம்மதியாக இருக்கும் காலத்திலேயே பாதிப்பு தொடங்கிவிடலாம் என்பதற்கு இது அடையாளம்.

அபாயம் அதிகம் என்பது ஒன்று. குறைத்தால் பலன் உண்டா என்பது வேறொன்று. அமெரிக்காவில் 9,361 பேர் பங்குகொண்ட ஸ்பிரின்ட் என்ற ஆய்வில் ஒரு பகுதியினருக்கு மேல் அளவை 120க்குக் கீழும், மற்றவர்களுக்கு 140க்குக் கீழும் வைத்தார்கள். 2019இல் வெளியான முடிவின்படி, மறதி நோய்க்கு முந்திய படியான லேசான நினைவுக் குறைவு முதல் பகுதியினருக்கு 19 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் மறதி நோயையே தடுத்தது என்று உறுதியாகச் சொல்ல அந்த ஆய்வால் முடியவில்லை.

அந்த உறுதியை 2025இல் சீனாவின் கிராமங்கள் கொடுத்தன. 326 கிராமங்களில், 40 வயதைக் கடந்த, கொதிப்பு கட்டுப்படாத 33,995 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிக் கிராமங்களில் பெரிய டாக்டர்கள் அல்ல, உள்ளூர்க் கிராம வைத்தியர்களே பயிற்சி பெற்று, வீட்டில் கொதிப்பை அளக்கக் கற்றுக்கொடுத்து, மாத்திரையைக் குறைந்த விலையிலோ இலவசமாகவோ கொடுத்து, விடாமல் பின்தொடர்ந்தார்கள். நான்கு ஆண்டுகளில் அந்தக் கிராமங்களில் மறதி நோய் 15 சதவீதம் குறைந்தது.

இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே பலன் கொடுத்தது புதிய மருந்து அல்ல. நம் ஊர் மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண மாத்திரைகளும், விடாமல் வந்து பார்க்கும் ஒரு மனிதரும்தான்.

ஒரு எச்சரிக்கை. 120 என்று கேட்டவுடன் யாரும் தாமாக மாத்திரையைக் கூட்டிக்கொள்ளக் கூடாது. மிகவும் வயதானவர்களுக்குக் கொதிப்பு அளவுக்கு மீறி இறங்கினால், எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுந்துவிடுவார்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை உங்கள் மருத்துவரே தீர்மானிக்கட்டும்.

நம் ஊர்ச் சர்க்கரை

சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமான எம்.டி.ஆர்.எஃப்., இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி. அதன் வாசலில் நிற்பவர்கள் 13 கோடியே 60 லட்சம் பேர். பெரியவர்களில் 100க்கு 35 பேருக்குமேல் இரத்தக் கொதிப்பு. இதே நிறுவனம் சென்னையில் நடத்திய ஆய்வில், நம் மக்கள் சாப்பிடும் உணவின் சக்தியில் கிட்டத்தட்டப் பாதி, தீட்டிய அரிசி போன்ற தானியங்களிலிருந்தே வருவதாகக் கண்டார்கள்.

இதில் நம்மைக் குறிப்பாகப் பாதிப்பது வயது. ஐரோப்பியர்களைவிட நமக்குச் சர்க்கரை ஏறத்தாழப் பத்து வருடம் முந்தியே வருகிறது. முன்பு சொன்ன இங்கிலாந்து ஆய்வின் இன்னொரு முடிவு 2021இல் வெளிவந்தது. 70 வயதானவர்களில், பத்து வருடத்துக்கும் முன்பே சர்க்கரை வந்திருந்தவர்களுக்கு, சர்க்கரையே இல்லாதவர்களைவிட மறதி நோய் அபாயம் இரண்டு மடங்குக்கும் மேல். எழுபதை நெருங்கும்போது சர்க்கரை வந்தவர்களிடம் அந்த அளவு அபாயம் காணப்படவில்லை. முப்பத்தைந்திலும் நாற்பதிலும் சர்க்கரை வரும் நம் ஊருக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவதும் மூளைக்கு ஆபத்துதான். மருந்தைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருப்பது, உபவாச நாளில் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி இருப்பது, இன்சுலின் போட்டதை மறந்து மறுபடியும் போட்டுக்கொள்வது, இவையெல்லாம் கவனிக்க வேண்டியவை. இங்கே ஒரு கொடிய சுழல் இருக்கிறது. மாத்திரை தவறுவதால் நினைவு கெடுகிறது. நினைவு கெடுவதால் மாத்திரை தவறுகிறது. வீட்டில் ஒருவருக்கு மறதி தொடங்கிவிட்டால், மாத்திரை டப்பா அவர் கையில் இருக்கக் கூடாது. வீட்டார் ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தாம்பரம் கற்றுக்கொடுத்த பாடம்

இதே தாம்பரத்தில்தான் 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோய்க்கென்று சானடோரியத்தைத் தொடங்கினார். இன்றும் நம் ரயில் நிலையம் ஒன்றுக்கு அந்தப் பெயர்தான். அந்நாளில் காசநோய்க்கு மருந்து இல்லை. நல்ல காற்று, ஓய்வு, சத்தான உணவு, இவற்றை நம்பியே நோயாளிகள் மாதக்கணக்கில் அங்கே தங்கினார்கள். மருந்துகள் வந்த பிறகும், நோயாளியை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தால்தான் குணமாகும் என்றே எல்லோரும் நம்பினார்கள்.

1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும், மற்றவர்களுக்கு அவரவர் வீட்டிலும் ஒரு வருடம் அதே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். முடிவு 1959இல் வெளியானது. நெருக்கடியான வீட்டில், போதாத உணவோடு, வேலைக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள், சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்கள். மாத்திரை ஒழுங்காக உள்ளே போக வேண்டும், அதுவே முக்கியம். உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை அதன் பிறகு மாறியது.

மறதி நோயைத் தடுக்கும் காரியத்திலும் அந்தப் பாடம் பொருந்தும் என்று நாங்கள் எண்ணுகிறோம். மறதி வந்துவிட்டவர்களுக்கு நல்ல பராமரிப்பு இல்லங்கள் கட்டாயம் தேவை. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வருகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கப் போவது கட்டடம் அல்ல. நாற்பது வயது மனிதரின் வீட்டு அலமாரியில் மாதா மாதம் தீராமல் இருக்கும் மாத்திரைதான். கட்டடத்துக்குக் கல்வெட்டு உண்டு; மாத்திரைக்குக் கல்வெட்டு இல்லை. வராமல் போன வியாதிக்காக யாரும் நன்றி சொல்லி எழுதுவதும் இல்லை. ஆதலால் இதைத் தாங்குகிறவர்கள் எப்போதும் குறைவு.

சோதனை கிடைக்காதவர்கள் யார்?

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில், மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. வீடு தேடிச் சென்று கொதிப்பையும் சர்க்கரையையும் பரிசோதித்து, மாத்திரையையும் கொடுக்க அது வழி செய்தது. மெச்சத்தக்க முயற்சி. என்றாலும் பகலில் வீட்டுக்குச் செல்கிற ஊழியர் யாரைச் சந்திப்பார்? வீட்டில் இருக்கும் வயதானவர்களை. நாற்பது வயதுக்காரர் அப்போது வீட்டில் இருப்பதில்லை. அவர் விடியற்காலை ரயிலில் பாரிமுனைக்குப் போயிருப்பார், ஆட்டோ ஓட்டிக்கொண்டிருப்பார், பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதாவது ஒரு கட்டடத்தில் காவலாளியாக நின்றுகொண்டிருப்பார். அந்த அம்மாள் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார். சோதனை யாருக்கு மிகவும் அவசியமோ அவர்களுக்கே அது கிடைப்பதில்லை.

அப்படியானால் அவர்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கே போக வேண்டும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் கறுப்பின ஆண்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை என்று கண்டு, அவர்கள் போகும் முடிதிருத்தும் கடைகளிலேயே கொதிப்பை அளந்து, மருந்தாளர்களை அங்கேயே வரவழைத்து மாத்திரை கொடுத்தார்கள். 2018இல் வெளியான முடிவில், ஆறு மாதத்தில் மேல் அளவு சராசரியாக 27 இறங்கியிருந்தது. ஆலோசனை மட்டும் பெற்றவர்களுக்கு 9 அளவே இறங்கியது. நமக்கு அதைவிட நல்ல இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆலய வளாகத்தில் நாம் கூடி நிற்கும் அந்த அரை மணி நேரம்தான் அது.

உங்களிடம் நாங்கள் வேண்டுவது

முதலாவது, ஒவ்வொரு சபையிலும் ஒரு கொதிப்பு அளக்கும் கருவியும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கட்டும். நம் சபைகளில் ஓய்வுபெற்ற நர்ஸுகள் இல்லாத இடம் அபூர்வம். முப்பது வயதைக் கடந்த எல்லோருக்கும் மாதத்தில் ஒரு ஞாயிறு அளந்து எழுதிவையுங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகே அளக்க வேண்டும். அதிகமாக இருந்தால் பயமுறுத்தாமல், மறுபடி அளந்து, மருத்துவரிடம் அனுப்புங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்கிறவரையும், உங்கள் தெருக் காவலாளியையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.

இரண்டாவது, "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். கொதிப்பு சரியாக இருப்பது வியாதி போய்விட்டதால் அல்ல. மாத்திரை வேலை செய்வதால்.

மூன்றாவது, சாப்பாடு. ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. அது ஒரு சிறு தேக்கரண்டி அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை மிக்சர் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். தட்டில் சோற்றைக் குறைத்து, பருப்பையும் கீரையையும் காய்களையும் கூட்டுங்கள். கூடுகைகளில் கேக்கும் இனிப்பும் தேநீரும் கொடுக்கும் நாமே இதில் முதலில் மாற வேண்டியவர்கள். சுண்டல் கொடுத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நான்காவது, நடை. பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரிடம் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. உணவு, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, கொதிப்பு முதலியவற்றைக் கவனித்தல் ஆகிய நான்கையும் சேர்த்து இரண்டு வருடம் செய்தவர்களின் சிந்திக்கும் திறன் மற்றவர்களைவிட மேலாக இருந்தது. அறுபதைக் கடந்தவர்களுக்கும் காலம் தவறிவிடவில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. சிட்லபாக்கம் ஏரிக்கரையானாலும் சரி, உங்கள் தெருவானாலும் சரி, தினமும் அரை மணி நேரம் நடக்கலாம். பீடி, சிகரெட், புகையிலை இருந்தால் இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

ஐந்தாவது, பக்கவாதத்தின் அடையாளங்களை வீட்டில் சிறுவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் 108க்குப் போன் செய்யுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே வீட்டில் மறதி நோயாளியை வைத்துப் பராமரிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அநேகமாக நீங்கள் மகளாகவோ மருமகளாகவோ மனைவியாகவோ இருப்பீர்கள். இதுவரை நாங்கள் சொன்னதைக் கேட்டு, "முன்பே கவனித்திருந்தால் வந்திருக்காதோ" என்று உங்களை நீங்களே குற்றப்படுத்திக்கொள்ளாதீர்கள். கொதிப்பும் சர்க்கரையும் இல்லாதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. 100க்கு 45 என்பது முழு ஜனத்தொகைக்குச் சொல்லும் கணக்கு; உங்கள் தகப்பனாரைக் குறித்துக் கொடுக்கும் தீர்ப்பு அல்ல. வயதில் முதிர்வதும், பிறப்பிலே வருவதும் யார் கையிலும் இல்லை. ஆனால் ஒரு முறை மருத்துவரிடம் காட்டாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்து தலைக்குள் கசிந்த இரத்தம், இவற்றாலும் மறதி போன்ற நிலை வரலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அக்கம்பக்கத்தார் வாரத்தில் ஒரு மாலை அந்த வீட்டுக்குப் போய், நோயாளியோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, பராமரிக்கிறவரை வெளியே அனுப்பிவையுங்கள். அந்த அம்மாளுக்கும் கொதிப்பு அளந்து எத்தனை வருடமாயிற்றோ, அதையும் விசாரியுங்கள்.

அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் இதய ஆய்வு, 2016இல் ஒரு நம்பிக்கையான செய்தியைத் தந்தது. 1970களின் கடைசியிலிருந்து ஒவ்வொரு பத்தாண்டிலும் அங்கே புதிதாக மறதி நோய் வருகிறவர்களின் விகிதம் சுமார் 20 சதவீதம் குறைந்துகொண்டே வந்தது. கூடவே ஒரு துயரமும் இருந்தது. பள்ளிப் படிப்பை முடித்தவர்களிடம் மட்டுமே அந்தக் குறைவு காணப்பட்டது. நன்மை, எட்டக்கூடியவர்களுக்கு மட்டும் எட்டியது. நம் தென்சென்னைப் புறநகரில் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதே எங்கள் பாரம். அடுக்குமாடியில் இருக்கும் பென்ஷன்காரருக்கும், அதே வாசலில் நிற்கும் காவலாளிக்கும், எழுபது வயதில் தங்கள் பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பாக்கியம் கிடைக்க வேண்டும்.

வெளியே தாழ்வாரத்தில் மேசை போட்டு நம் நர்ஸுகள் கருவியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். காபி குடிக்கும் முன்பே அளந்துகொள்ளுங்கள். காபி குடித்தால் அளவு ஏறிக் காட்டும்.